அப்பாவின் பெட்டியில் கிடந்த தினார்

தம்பி, உங்கள் அப்பா 2009-ல் குவைத்தை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த 20 தினார் நோட்டு இரண்டு, கொஞ்சம் கால் தினார், ஒரு சுருக்குப்பை நிறையச் சில்லறை. இப்போது நீங்களே குவைத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, இதை எங்கே மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே லைசென்ஸ், குடும்ப விசா பற்றியும். அதை உங்கள் கம்பெனி மந்தூப்பிடம், அதாவது அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவரிடம் கேளுங்கள். அந்த விதிகள் அடிக்கடி மாறும், அன்றாடம் அந்த வேலையில் இருப்பவர் சொல்வதுதான் சரி. நான் நோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த நோட்டுகள் செல்லாது. சொல்லவே மனசு வரவில்லை, ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் முர்காப் பகுதி முழுக்கப் பணம் மாற்றும் எக்ஸ்சேஞ்ச் எக்ஸ்சேஞ்சாக ஏறி இறங்கக் கூடாது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2014 ஜூன் மாதம் வெளிவந்த ஆறாவது வரிசை. அப்பா கையில் இருந்தது அதற்கு முந்தையது, 1994-ல் வந்த ஐந்தாவது வரிசை. அதை 2015 ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். முதல் சில மாதம் எந்த பேங்க்கிலும் மாற்றிக் கொடுத்தார்கள், பிறகு மத்திய வங்கியில் மட்டும். அந்தக் கெடுவும் 2025 ஏப்ரல் 18-ஓடு முடிந்துவிட்டது. பத்து வருடம் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஊரில் பீரோவுக்குள் இருந்த நோட்டுக்கு இதை யார் போய்ச் சொல்வது?

சில்லறை விஷயம் வேறு. பாய்மரக் கப்பல் போட்ட அதே காசுதான் இன்றும் ஓடுகிறது. 50 ஃபில்ஸ், 100 ஃபில்ஸை (ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார்) எல்லாம் பக்காலா என்கிற மளிகைக் கடையில் கொடுத்து குப்பூஸ் ரொட்டியும் தயிரும் வாங்கிக்கொள்ளுங்கள். என் சட்டைப்பையில் விழும் மீதிக் காசில் தேய்ந்துபோன பழைய காசு எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும், யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

இனி எச்சரிக்கை. "எனக்கு ஆள் இருக்கிறது, பழைய நோட்டைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார்" என்று நம் ஆட்களே வந்து சொல்வார்கள். கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள். புதிதாக வந்தவனுக்கு எது பழைய நோட்டு, எது புதியது என்று தெரியாது, அவனைத்தான் தேடி வருவார்கள். 1993-ல், ஈராக்கிடமிருந்து குவைத் விடுதலையான இரண்டாம் ஆண்டுக்காக பிளாஸ்டிக்கில் ஒரு 1 தினார் வெளியிட்டார்கள், 2001-ல் இன்னொன்று. இரண்டும் நினைவுக்காக வைத்துக்கொள்ள மட்டும்தான், கடையில் செல்லாது. நான் வந்த வருடம் என் அறையில் இருந்த ஒரு பையனுக்குச் சம்பளக் கடனைத் திருப்பித் தருகிறேன் என்று அப்படி ஒரு பிளாஸ்டிக் நோட்டைக் கொடுத்துவிட்டு ஒருவர் ஊருக்கே போய்விட்டார். அந்தப் பையன் பக்காலாவில் நின்று அழுததை நான் பார்த்தேன். ஒரு தினார்தானே என்று இன்றைக்குத் தோன்றும். அன்றைக்கு அவனுக்கு அது இரண்டு நாள் சாப்பாடு.

நான் வந்தது 2001 ஆகஸ்டில். அப்பாசியாவில் ஒரே அறையில் ஏழு பேர். 100 ஃபில்ஸ் கிடைத்தால் செலவழிப்பதில்லை என்று வைராக்கியம், நிடோ பால்பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு வருடத்தில் 18 தினார், 180 காசு, ஒரு கிலோவுக்கு மேல் கனம். முதல் லீவுக்குப் போகும்போது அம்மாவுக்குக் காட்டலாம் என்று டப்பாவோடு எடுத்துப்போனேன். ஊரில் பணம் மாற்றும் கடையில் மூடியைத் திறந்ததுமே, "காசு எடுக்க மாட்டோம், நோட்டு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒரு தினார் 150 ரூபாய்க்கு மேல். தங்கைக்குப் பட்டுப்பாவாடை வாங்குவதாகச் சொல்லியிருந்தேன், முடியவில்லை. டப்பாவை மறுபடி தூக்கிக்கொண்டு இங்கேயே வந்தேன். அதனால் சொல்கிறேன், லீவுக்குப் போகும் வாரமே சில்லறையை எல்லாம் பக்காலாக்காரரிடம் கொடுத்து நோட்டாக வாங்கிவிடுங்கள். அவருக்கும் சில்லறை தேவை, சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்.

நோட்டாகவும் நிறையக் கொண்டுபோக வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் சிவில் ஐடியைக் காட்டி அக்கவுண்டுக்கு அனுப்பினால் கிடைக்கும் ரேட், விமான நிலையக் கவுண்டரில் கிடைக்காது. உண்டியல், அதாவது பேங்க் வழியாக இல்லாமல் சட்டவிரோதமாகப் பணம் அனுப்புகிற வழி, அதன் பக்கம் போகவே போகாதீர்கள். பத்து பைசா அதிகம் என்று போனவர்கள் பணத்தையும் இழந்து, போலீஸுக்கும் பயந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கே திரும்பிவிட்டால் இந்தியச் சட்டப்படி 2000 டாலர் மதிப்புக்கு வெளிநாட்டு நோட்டு வைத்துக்கொள்ளலாம், அதாவது 600 தினாருக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேல் இருந்தால் வந்து 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசுக்கு வரம்பு கிடையாது.

எனக்குக் கோபம் வருவது "ரேட் ஏறட்டும்" என்று தினாரைப் பெட்டியில் அடுக்கும் ஆட்களைப் பார்த்துத்தான். இருபது வருடமாக இங்கே இருக்கிறேன் என்பார்கள், பேங்க் அக்கவுண்டை நம்ப மாட்டார்கள். துபாய்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே பிளாஸ்டிக் நோட்டு வந்த பிறகும் பழைய காகித நோட்டு செல்லுகிறது. கத்தார் அப்படியில்லை. 2020 டிசம்பரில் புது வரிசை வந்தது, பழையதை பேங்க்கில் மாற்றும் கெடு 2021-ஓடு முடிந்தது, இப்போது அங்குள்ள மத்திய வங்கிக்குத்தான் போக வேண்டும். ஒரு நாட்டுக் கதையை வைத்து இன்னொரு நாட்டுக்குச் சொல்லிவிடுவார்கள், அதையும் நம்பாதீர்கள்.

எங்கள் அறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார், அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். 1990 ஆகஸ்டில் ஈராக் படை நுழைந்தபோது இங்கே இருந்தவர். ஈராக் வழியாகத் தரைமார்க்கமாக ஜோர்டான் போய், அம்மானில் ஏர் இந்தியா விமானம் ஏறி வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் அவரும் ஒருவர். பேன்ட் இடுப்புப்பட்டிக்குள் பத்து தினார் நோட்டுகளை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாராம். விடுதலைக்குப் பிறகு, 1991 மார்ச்சில் அரசு புது நோட்டு வெளியிட்டது. படை கொள்ளையடித்துப் போன நோட்டு செல்லக் கூடாது என்பதற்காகப் பழையதை அதே வருடம் ஒழித்துவிட்டார்கள். அண்ணனுக்கு மறுபடி விசா கிடைத்தது அதற்கு அடுத்த வருடம். ஐந்து வருட உழைப்பு அந்தத் தையலுக்குள்ளேயே போயிற்று. ஒரே ஒரு நோட்டை மட்டும் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருந்தார். அதில் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரியும்.

2015-ல் அவர் விசாவைக் கேன்சல் அடித்து ஊருக்குக் கிளம்பினார். பழைய நோட்டை பேங்க்கில் எடுத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. பெட்டி கட்டுவதற்கு முன்னால் எல்லாச் சட்டைப்பையையும் உதறினார், மெத்தையைப் புரட்டினார், குளிர்காலக் கோட்டின் உள்பையில் ஒரு பழைய கால் தினார் கிடைத்தது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பேங்க்குக்குக் கிளம்பிவிட்டார். போக வர பஸ்ஸுக்கே அதைவிட அதிகம் ஆனது. நானும் கூடவே போனேன். கவுண்டரில் புது கால் தினாரை வாங்கி, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்த்து, மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டார்.