உப்பு விற்ற ஊர், பாட்டும் விற்றது

போன இதழில் வெனிஸ் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஊருக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

வெனிஸ் என்றால் படகு, கால்வாய், தேனிலவு, சினிமா டூயட். இதைத் தாண்டி உலக வரலாற்றில் அந்த ஊருக்கு அப்படி என்ன இடம்?
– கல்லூரி மாணவர், திருச்சி

முதலில் அந்த ஊரில் என்னவெல்லாம் இல்லை என்று பார்த்துவிடுவோம். வயல் இல்லை, மலை இல்லை, கட்டடத்துக்குக் கல் இல்லை, குடிக்க நல்ல தண்ணீரும் இல்லை. மழைநீரை மணலில் வடிகட்டி முற்றத்துக் கிணறுகளில் சேர்த்துக்கொண்டார்கள். ரோமப் பேரரசு சரிந்த காலத்தில் படையெடுப்புகளுக்குப் பயந்து கரையிலிருந்து காயலின் சேற்றுத் தீவுகளுக்கு ஓடிவந்தவர்கள் உண்டாக்கிய ஊர் அது. 6ஆம் நூற்றாண்டில் காசியோடோரஸ் என்ற அதிகாரி இவர்களுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ஊரில் மற்றவர்கள் வாசலில் மாடு குதிரையைக் கட்டுகிறார்கள், நீங்கள் படகைக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்கிறார். தங்கம் வேண்டாம் என்பவன் இருக்கலாம், உப்பு வேண்டாம் என்பவன் இருக்கிறானா என்றும் கேட்கிறார். உப்புதான் அவர்களுடைய முதல் சரக்கு.

எதுவுமே விளையாத ஊர் என்ன செய்யும்? வாங்கி விற்கும். மலபார் மிளகு அரபு வணிகர்கள் கைமாறி அலெக்சாண்ட்ரியா வந்து சேர, அங்கே வாங்கி ஐரோப்பா முழுக்க விற்றே பணம் பார்த்தார்கள். 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கிய செய்தி கேட்டு வெனிஸ் வியாபாரிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தது அதனால்தான். ஆர்செனாலே என்ற அவர்களுடைய அரசுக் கப்பல் கட்டும் தளத்தில், பாகங்களை முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரே நாளில் ஒரு போர்க்கப்பலைக் கோத்து நிறுத்துவார்கள். அங்கே குளிர்காலத்தில் கப்பலுக்குப் பூசக் கொதித்த கீலைத்தான் இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்து நரகத்துக்கு உவமையாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் என் கணக்கில் வெனிஸின் பெரிய சாதனை மிளகு இல்லை. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் மட்டுமே என்று இருந்த பல சங்கதிகளை, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற சரக்காக மாற்றியதுதான். உதாரணத்துக்கு அச்சுத் தொழில். அச்சு இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது, சரி. ஆனால் ஆல்டஸ் மனுஷியஸ் என்பவர் 1490களில் வெனிஸில் பட்டறை போட்டு, அரிஸ்டாட்டிலைக் கிரேக்க மொழியிலேயே அச்சடித்தார். அப்புறம் 1501ல் ரோமக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளைக் கையடக்க அளவில், சாய்ந்த எழுத்தில் கொண்டுவந்தார். அதுவரை அந்த மாதிரி நூல்களை மேசைமேல் விரித்து வைத்துத்தான் படிக்க முடியும். இதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். இன்று நீங்கள் கணினியில் எழுத்தைச் சாய்க்கிறீர்களே, அந்த எழுத்து அங்கே பிறந்தது. இன்று நாம் போடும் அரைப்புள்ளியும் அவருடைய பட்டறையில் 1496ல் அச்சான புத்தகத்தில்தான் முதலில் தலைகாட்டியது. மனிதருக்கு வேலை நெருக்கடி எப்படி என்றால், அறை வாசலில் ஓர் அறிவிப்பே எழுதி வைத்திருந்தார்: நீங்கள் யாராக இருந்தாலும் வந்த காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், ஒத்தாசை செய்ய வந்திருந்தால் மட்டும் இருங்கள். எல்லாப் பத்திரிகை அலுவலகத்திலும் மாட்டலாம்.

ஷேக்ஸ்பியர் வெனிஸுக்குப் போயிருக்கிறாரா? ஷைலக் நிஜ மனிதரா?
– ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, பாளையங்கோட்டை

போனதற்கு எந்த ஆதாரமும் இல்லை, டீச்சர். ஷைலக், அதாவது 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரர், கற்பனைப் பாத்திரம். ஷேக்ஸ்பியர் அந்த நாடகத்தை எழுதிய காலத்தில் இங்கிலாந்தில் யூதர்கள் வெளிப்படையாக வாழவே முடியாது, 1290லேயே துரத்திவிட்டார்கள். வெனிஸில் இருந்தார்கள், ஆனால் எப்படி? 1516ல் அரசு ஓர் உத்தரவு போட்டு, அவர்களைப் பழைய வார்ப்படப் பட்டறை இருந்த ஒரு தீவில் ஒதுக்கியது. அதுதான் உலகின் முதல் 'கெட்டோ'. இரவானால் கதவைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிக் காவல் காக்கிற ஆட்களுக்குச் சம்பளமும் உள்ளே இருக்கிறவர்களே கொடுக்க வேண்டும். இடம் விரிய வழியில்லாததால் வீடுகள் மேலே மேலே வளர்ந்தன, இன்றும் அந்தக் கட்டடங்கள்தான் அக்கம்பக்கத்தில் உயரம். 1797ல் நெப்போலியனின் படை வந்த பிறகுதான் அந்தக் கதவுகளைப் பெயர்த்தார்கள். நாடகத்தில் இந்தக் கெட்டோ பற்றி ஒரு வார்த்தைகூட வராது.

இருந்தாலும் ஷேக்ஸ்பியர் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார். ஷைலக்கிடம் பட்ட கடனுக்காகச் சதையை வெட்டிக்கொடுக்க வேண்டிய நிலையில் நிற்கிற வணிகன் அன்டோனியோவே, ஊரை ஆளும் கோமகன் சட்டத்தை வளைக்க முடியாது, வளைத்தால் அந்நிய வியாபாரிகளின் நம்பிக்கை போய்விடும், இந்த ஊரின் லாபமே எல்லா நாட்டுக்காரர்களாலும்தான் என்கிறான். சாகப்போகிறவன் பேசுகிற பேச்சா இது! ஆனால் வெனிஸ்காரன் அப்படித்தான் பேசுவான். இது வேறு எந்த ஊரிலும் நடக்க முடியாத கதை என்று நான் சொல்வது இதனால்தான். பம்மல் சம்பந்த முதலியார் இதை 'வாணீபுர வணிகன்' என்று நம் மேடைக்குத் தகுந்தபடி மாற்றினார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் மகள் வயலின் கற்கிறாள். விவால்டி அனாதைப் பெண்களுக்காகத்தான் இசை எழுதினார் என்று அவள் ஆசிரியர் சொன்னாராம். உண்மையா?
– குடும்பத் தலைவி, கோவை

பெரும்பாலும் உண்மை. வெனிஸில் 'பியெத்தா' என்ற காப்பகம் இருந்தது. பெற்றவர்கள் குழந்தையை ஒரு மாடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் ஒரு பதக்கத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்துவிட்டு மறு பாதியைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள், என்றாவது திரும்பி வந்து அடையாளம் காட்டலாம் என்று. அங்கே வளர்ந்த பெண்களில் இசை வருகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. குடும்பப் பெயர் கிடையாது, வாத்தியம்தான் பெயர்: 'வயலின் அன்னா மரியா' என்பது போல. விவால்டி 1703ல் அங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். பாதிரியார், செம்பட்டை முடி, அதனால் ஊரில் 'சிவப்புப் பாதிரி'. வேலை நிரந்தரம் இல்லை, வருடா வருடம் நிர்வாகக் குழு ஓட்டுப் போட்டு வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்யும். 1709ல் 7க்கு 6 என்று ஒரே ஓட்டில் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1711ல் அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெண்கள் மேல்மாடத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று வாசிப்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் தெரியாது, ஒலி மட்டும் வரும். ஐரோப்பா முழுவதிலிருந்தும் இதைக் கேட்க ஆட்கள் வந்தார்கள், அந்த வருமானத்தில் காப்பகமும் நடந்தது. (தத்துவ எழுத்தாளர் ரூசோ இதே மாதிரி இன்னொரு காப்பகத்தில் கேட்டுக் கிறங்கிப்போய், தேவதைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். நேரில் பார்த்தால் ஒருத்திக்கு ஒரு கண் இல்லை, இன்னொருத்திக்கு அம்மைத் தழும்பு. ஏமாற்றத்தை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் மறுபடி பாடக் கேட்டதும் எல்லாரும் அழகிகளாகவே தெரிந்தார்களாம்.) உங்கள் மகள் ஒருநாள் வாசிக்கப்போகிற 'நான்கு பருவங்கள்' 1725ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. விவால்டி 1741ல் வியன்னாவில் கையில் காசில்லாமல் செத்தார், உலகம் அவரை மறந்தே போனது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அவருடைய இசைப் படைப்புகள் சிலவற்றை எடுத்துத் திருத்தி எழுதி வைத்திருந்ததால் பெயர் மட்டும் மிஞ்சியது. 1926ல் இத்தாலியில் ஒரு பாதிரியார் கல்லூரியில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக் கட்டாகக் கிடைத்த பிறகுதான் இவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதே தெரிந்தது.

இசையிலும் அந்த வியாபார மூளையைப் பாருங்கள். பல குரல் இசையை அச்செழுத்து கோத்து அச்சடித்த முதல் புத்தகம் 1501ல் வெனிஸில், பெட்ருச்சி என்பவர் செய்தது. ஒவ்வொரு தாளையும் பல தடவை அச்சில் ஏற்றுவார், கோட்டுக்கு ஒருமுறை, அதன்மேல் ஸ்வரத்துக்கு ஒருமுறை. கொஞ்சம் விலகினாலும் ஸ்வரம் மாறிவிடும், விலகவில்லை. ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கிற நாடகம், அதுவரை மன்னர்களின் கல்யாண விருந்துகளில் நடந்த ஆடம்பரம். அதற்கு டிக்கெட் போட்டு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்த முதல் அரங்கம் 1637ல் சான் கசியானோ. இசையமைப்பாளர் மான்டவெர்தி எழுபதைத் தாண்டிய வயதில், புனித மாற்கு ஆலயத்தின் இசைத் தலைவராக இருந்துகொண்டே, இந்த டிக்கெட் கூட்டத்துக்காக ஓபரா எழுதினார். இன்றைய இசைத் தொழிலின் கல்லாப்பெட்டி திறந்த இடம் அது என்று நான் சொல்வேன்.

ஃப்ளாரன்ஸ் ஓவியர்களைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். வெனிஸ் ஓவியத்தில் அப்படி என்ன தனி?
– ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

நிறம். ஃப்ளாரன்ஸ்காரர்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள், இவர்கள் வண்ணத்தை. காரணம் பாதி தட்பவெப்பம்: உப்பு ஈரத்தில் சுவரோவியம் நிற்காது. ஜோர்ஜோனேவும் டிஷியனும் 1508ல் ஜெர்மன் வணிகர்களுக்கான மாளிகையின் வெளிச்சுவரில் தீட்டியதில் இன்று சில துண்டுகள்தான் மிச்சம். எனவே துணிக்கு மாறினார்கள். பாய்மரத் துணிக்கா அந்த ஊரில் பஞ்சம்? துணியில் தீட்டினால் சுருட்டிக் கப்பலில் ஏற்றி ஸ்பெயின் மன்னருக்கு அனுப்பலாம், டிஷியன் அனுப்பினார். மற்ற ஊர்களில் ஓவியர்கள் மருந்துக் கடையில் வண்ணம் வாங்கிக்கொண்டிருந்தபோது இங்கே வண்ணத்துக்கென்றே தனிக் கடைகள். ஆப்கானிஸ்தானத்து 'லாபிஸ் லசூலி' என்ற கல்லை அரைத்த நீலம் அங்கேதான் முதலில் வந்து இறங்கும்.

ஓவியர் வெரோனீஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1573ல் ஒரு மடத்தின் உணவுக்கூடத்துக்கு இயேசுவின் கடைசி விருந்தைச் சுமார் 13 மீட்டர் அகலத்தில் வரைந்தார். அதில் கோமாளி, கையில் கிளி, மூக்கில் ரத்தம் ஒழுகும் வேலைக்காரன், குடித்துக்கொண்டு ஈட்டியோடு நிற்கும் ஜெர்மன் சிப்பாய்கள். சமய விசாரணை மன்றம் கூப்பிட்டுக் கேட்டது: இவர்களுக்கெல்லாம் அங்கே என்ன வேலை? கவிஞர்களும் பைத்தியக்காரர்களும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஓவியர்களும் எடுத்துக்கொள்கிறோம், இடம் காலியாக இருந்தது, நிரப்பினேன் என்றார். மூன்று மாதத்துக்குள் சொந்தச் செலவில் திருத்து என்று உத்தரவு. அவர் படத்தில் யாரையும் அழிக்கவில்லை, தலைப்பை மட்டும், பைபிளில் வரும் வேறொரு விருந்தின் பெயரான 'லேவி வீட்டு விருந்து' என்று மாற்றினார். விஷயம் முடிந்தது. சென்சாரோடு மல்லுக்கட்டுகிற நம் இயக்குநர்கள் கவனிக்க.

வெனிஸ்காரர் யாராவது நம் பக்கம் வந்திருக்கிறார்களா?
– வாசகர், காயல்பட்டினம்

உங்கள் ஊர்ப் பக்கமே வந்திருக்கிறார்! மார்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாண்டியர் காலத்தில், தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். முத்துக்குளிப்பு, வெற்றிலை, ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் குதிரைக் கப்பல்கள் எல்லாம் அதில் உண்டு. மன்னரும் இடுப்புத் துணியோடுதான் இருக்கிறார், ஆனால் உடம்பெல்லாம் ரத்தினம் என்று வியக்கிறார். இந்த நாட்டில் தையற்காரனுக்கு வேலையே இல்லை என்கிறார். எனக்குப் பிடித்தது குதிரை விஷயம். ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, ஏனென்றால் குதிரைக்குப் பண்டுவம் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை விற்கிற வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடுவதும் இல்லை. செத்தால்தானே மறுபடி வாங்குவார்கள்! வெனிஸ் வியாபாரியின் கண்ணில்தான் இது படும்.

இன்னொருவர் நிக்கொலாவ் மனுச்சி. பதின்வயதில் வெனிஸிலிருந்து திருட்டுத்தனமாகக் கப்பலேறி வந்து, முகலாய இளவரசர் தாரா ஷிகோவிடம் பீரங்கிப் படையில் சேர்ந்து, பிறகு வைத்தியராகி, கடைசியில் சென்னையில் விதவை ஒருவரை மணந்து குடியேறினார். கர்நாடக நவாப் தாவூத் கானிடம் ஆங்கிலேயர்களுக்காகத் தூது போனவரும் இவர்தான். முகலாய அரண்மனை பற்றி அவர் எழுதியதில் வம்பு அதிகம், ஆனால் சுவாரசியத்துக்குக் குறைவில்லை.

ஒரேயடியாகப் புகழ்கிறீர்களே, வெனிஸ் கொள்ளையடித்த ஊர் இல்லையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

சந்தேகமே இல்லை. 1204ல் சிலுவைப் போருக்கென்று கிளம்பிய படை கப்பல் கூலி கொடுக்க முடியாமல் நிற்க, கண் தெரியாத கிழவரான கோமகன் என்ரிகோ தாந்தோலோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளையே சூறையாட வைத்தார். மாற்கு ஆலய முகப்புக்கு அந்த நான்கு வெண்கலக் குதிரைகள் வந்தது அப்படித்தான். 1797ல் நெப்போலியன் அதே குதிரைகளைப் பாரிஸுக்குத் தூக்கிப்போனபோது வெனிஸ்காரர்கள் திருட்டு என்று கத்தினார்கள். 1815ல் திரும்பக் கிடைத்தன, வெனிஸுக்கு.

ஊர் மூழ்குகிறதாமே?
– வாசகி, சேலம்

கட்டடங்கள் நிற்பது சேற்றில் அடித்த மரக்கட்டைகளின் மேல். காற்று படாததால் அவை நூற்றாண்டுக் கணக்கில் மட்காமல் இருக்கின்றன, கவலை அது இல்லை. போன நூற்றாண்டில் ஆலைகளுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரை தாழ்ந்தது, கடல் மட்டமும் ஏறுகிறது. 1966 வெள்ளத்தில் தண்ணீர் 194 சென்டிமீட்டர் வந்தது. 2020லிருந்து காயலின் வாய்களில் 78 இரும்புக் கதவுகள் அலையைத் தடுக்கின்றன. தண்ணீரைவிட மோசம், ஊரில் ஆள் குறைவது: 1951ல் சுமார் 1,75,000 பேர் இருந்த பழைய நகரில் இப்போது 50,000 பேர்கூட இல்லை. வீடெல்லாம் சுற்றுலா விடுதி.

ஒரே ஒரு நாள் கிடைத்தால் அங்கே எதைப் பார்க்கலாம்?
– பொறியாளர், துபாய்

மாற்கு சதுக்கத்தில் எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் பத்து நிமிடம் நின்றுவிட்டு நகருங்கள். சான் ரோக்கோ சங்கக் கட்டடத்துக்குப் போங்கள். 1564ல் அதன் விதானத்துக்குப் போட்டி வைத்தபோது மற்ற ஓவியர்கள் மாதிரி வரைவோடு வர, டின்டொரெட்டோ முழுப் படத்தையே வரைந்து மேலே மாட்டிவிட்டு, காசு வேண்டாம், அன்பளிப்பு என்று சொல்லி வாயடைத்தார். பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கட்டடம் முழுக்க அவர் கைதான். விதானத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அங்கே கைக்கண்ணாடி தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டின் சில நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 2024லிருந்து நுழைவுக் கட்டணம் உண்டு, டிக்கெட் போடுவதற்கு முன்னால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.