ஹீப்ருவை மீட்டது ஒருவரா?

அன்புள்ள ஐயா,

செத்துப்போன ஹீப்ரு மொழியை எலியேசர் பென் யெஹூதா என்ற தனிமனிதர் பிடிவாதத்தால் உயிர்ப்பித்தார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். மன உறுதியுள்ள ஒருவர் இருந்தால் எந்த மொழியையும் மீட்டுவிடலாம் அல்லவா?

கே. ரா., தென்காசி

அன்புள்ள கே. ரா.,

முடியாது என்றே நினைக்கிறேன். பென் யெஹூதாவின் பிடிவாதத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 1881இல் பாலஸ்தீனத்தில் குடியேறியவர், வீட்டில் ஹீப்ரு மட்டுமே என்று உறுதிபூண்டார். மறு ஆண்டு பிறந்த மகனை வேறு மொழி காதில் விழாமல் வளர்த்தார். அந்தக் கடுமையை அன்றாடம் சுமந்தவர் மனைவி தெவோரா. அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் ஹீப்ரு செத்திருக்கவில்லை. வழிபாட்டிலும் கவிதையிலும் கடிதங்களிலும் நூற்றாண்டுகளாகப் புழங்கியது. எருசலேமில் இட்டிஷ் (ஐரோப்பிய யூதர்கள் பேசிய, ஜெர்மனை ஒத்த மொழி) பேசும் யூதரும் லடினோ (ஸ்பானியத்திலிருந்து வந்த யூத மொழி) அல்லது அரபி பேசும் யூதரும் சந்தித்தால், தட்டுத்தடுமாறி அதில்தான் பேசிக்கொண்டார்கள். தாய்ப்பாலோடு அதைக் கற்ற குழந்தைகள்தாம் இல்லை.

அவர்களை உருவாக்கியவை பள்ளிகள். ரிஷோன் லெசியோன் என்ற குடியேற்றத்தில் 1886இல் ஹீப்ரு வழிப் பள்ளி தொடங்கியது. 1898இல் அங்கேயே மழலையர் பள்ளியும் வந்தது. கற்பித்தவர்களுக்கே அது தாய்மொழி அல்ல. பாடநூல்கள் இல்லை, அன்றாடப் பொருள்கள் பலவற்றுக்குப் பெயர்கூட இல்லை. எழுதிக்கொண்டே கற்பித்தார்கள், கற்பித்துக்கொண்டே தாங்களும் கற்றார்கள். பிள்ளைகள் அந்த மொழியை வீட்டுக்கு எடுத்துச்சென்றார்கள். வளர்ந்து, தங்கள் குழந்தைகளிடம் அதையே பேசினார்கள். பெயர் தெரியாத அந்த ஆசிரியர்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

1913இல் ஹைஃபாவில் அமையவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியலை ஜெர்மன் மொழியில் நடத்த, அதற்கு ஆதரவளித்த ஜெர்மன் யூத அமைப்பு முடிவெடுத்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தனர். அந்த அமைப்பின் பள்ளிகளை விட்டு வெளியேறித் தாங்களே பள்ளிகள் தொடங்கினர். 1914இல் முடிவு ஹீப்ருவுக்குச் சாதகமாக மாறியது. 1916-18 கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தில் இருந்த யூதர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஹீப்ருவைத் தங்கள் முதன்மை மொழி என்றனர். 1922இல் பிரிட்டிஷ் ஆட்சி அதை ஆங்கிலம், அரபியோடு ஆட்சிமொழியாக்கியது.

பல நாடுகளிலிருந்து வந்து, பொதுமொழி இல்லாமல் ஒரே இடத்தில் வாழ நேர்ந்த மக்கள். எல்லோருக்கும் ஓரளவு பரிச்சயமான ஏட்டுமொழி. தங்கள் கையிலேயே இருந்த பள்ளிகள். இந்த மூன்றும் வேறெங்கும் இப்படி ஒன்றுகூடியதாக நான் அறியேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1920களில் டெல் அவிவில் இளைஞர் படையொன்று தெருவில் இட்டிஷ் பேசியவர்களை அதட்டியது, இட்டிஷ் நிகழ்ச்சிகளைக் குலைத்தது. மொழி மீட்சிக்கு இது தவிர்க்க முடியாத விலை என்பவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. அதற்குள் பள்ளிகள் வென்றுவிட்டிருந்தன. முதியவர்களின் வாயை அடைக்க வேண்டிய தேவை எதுவும் அப்போது இல்லை.