கறுப்புப் பட்டை ஏன் வருகிறது? டிவி படத்தின் அளவு பற்றிக் கேள்வி பதில்

புது டிவி வாங்கியவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது படத்தைச் சுற்றி வரும் கறுப்பைப் பற்றித்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: 43 இஞ்ச் டிவி வாங்கினோம் அண்ணா. சினிமா போட்டால் மேலும் கீழும் கறுப்பாக வருகிறது. கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா?

வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க அலைந்து வேறு டிவி வாங்கினாலும் இதே பட்டைதான் வரும். உங்கள் திரை 16:9, அதாவது அகலம் உயரத்தைப் போல 1.78 மடங்கு. சினிமாஸ்கோப் படத்தின் அகலமோ 2.39 மடங்கு. அந்த அகலம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் உயரத்தில் இடம் மிஞ்சத்தான் செய்யும். உங்கள் திரையின் உயரம் சுமார் 54 செ.மீ. அதில் படத்துக்கு 40 போக, மேலே ஏழும் கீழே ஏழும் கறுப்பு.

ஜூம் போட்டால் பட்டை போய்விடும், கூடவே படத்தின் அகலத்தில் கால் பங்கும் போய்விடும். இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தில் நின்று பேசும் காட்சியைப் போட்டுப் பாருங்கள், மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். கறுப்புப் பட்டைக்குள் சப்டைட்டில் வருகிற படமானால் அதுவும் காணாமல் போகும்.

மயிலாப்பூரிலிருந்து: அப்பா கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் பார்ப்பார். பக்கத்தில் பட்டை வந்தால் "பாதி டிவி தண்டம்" என்கிறார். இழுத்து வைத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள். என்ன செய்வது சார்?

பாதி இல்லை, கால் பங்குதான். அந்தக் காலப் படங்களின் அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973ல்தான் வந்தது. மவுண்ட் ரோட்டில் ஆனந்த் தியேட்டர் வைத்திருந்த உமாபதி எடுத்த படம். 1975ல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது வீட்டுப் பெட்டியும் 4:3, அதாவது 1.33. பழைய படத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அகலத் திரை பின்னால் வந்தது, படம் என்ன செய்யும்?

இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். ஜூம் செய்தால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். பழைய படங்களில் நடனத்தை உச்சி முதல் பாதம் வரை தெரியும்படி எடுத்திருப்பார்கள். பரதநாட்டியத்தில் பாதத்தை வெட்டிவிட்டு எதைப் பார்ப்பது? டிவியில் 'ஒரிஜினல்' அல்லது 4:3 வைத்துவிட்டு, அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 43 இஞ்ச் டிவியில் இரண்டு பக்கப் பட்டை போக மிச்சமிருக்கும் படமே 35 இஞ்ச். நம் பழைய 21 இஞ்ச் பெட்டியை விட எவ்வளவோ பெரிது.

இன்னொரு தொல்லை உண்டு. சிலர் யூடியூபில் ஏற்றும்போதே படத்தை இழுத்துத்தான் ஏற்றுகிறார்கள். அதற்கும் 4:3 வைத்தால் முகங்கள் பழையபடி ஆகிவிடும். டிவியிலேயே இருக்கும் ஆப்பில் பெரும்பாலும் இதை மாற்ற விடாது. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் போட்டுப் பாருங்கள். மேலும் கீழும் வெட்டி ஏற்றியிருந்தால் மட்டும் வழியில்லை, வேறு பிரதி தேடுங்கள்.

பெரம்பூரிலிருந்து: கேபிளில் சில சேனல்களில் நாலு பக்கமும் கறுப்பு. நடுவில் போஸ்ட் கார்டு மாதிரி படம். இதையும் அப்படியே விட வேண்டுமா?

இங்கே தாராளமாக ஜூம் போடலாம். சேனல்காரர்கள் அகலப் படத்தை மேலும் கீழும் பட்டையோடு 4:3 சட்டத்துக்குள் வைத்து அனுப்புகிறார்கள். அது உங்கள் அகலத் திரைக்கு வரும்போது பக்கப் பட்டையும் சேர்ந்துகொள்கிறது. ஜூம் செய்தால் கறுப்புதான் வெட்டுப்படும், படம் அப்படியே இருக்கும். கொஞ்சம் மங்கும், ஏனென்றால் சாதாரண சேனலின் படம் மேலிருந்து கீழாக 576 வரிகளால் ஆனது, அதில் அந்தப் படத்துக்குக் கிடைப்பது அதிகபட்சம் சுமார் 430 வரிதான். அதே சேனல் எச்டியில் உங்கள் பேக்கில் இருந்தால் அதைப் போடுங்கள்.

அதற்கு முன் செட்டாப் பாக்ஸ் மெனுவில் டிவி வகை 16:9 என்று இருக்கிறதா பாருங்கள். பாக்ஸ் மாட்ட வருகிற தம்பிகள் அந்தப் பக்கமே போவதில்லை.

அண்ணா நகரிலிருந்து: எங்களுடையது ஓஎல்இடி. பட்டை நிரந்தரமாகப் பதிந்துவிடுமா?

ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது படப்புள்ளியும், தானே ஒளிரும். கறுப்பு இருக்கும் இடத்தில் அவை அணைந்தே கிடக்கின்றன. தேய்வது படம் ஓடும் பகுதிதான். வருஷக்கணக்கில் 4:3 மட்டுமே பார்த்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் தெரியலாம். கலந்து பார்க்கிற வீட்டில் கவலை வேண்டாம். செய்தி சேனலை நாள் முழுக்க ஓட விடுகிறீர்களா? அந்த லோகோவும் கீழே நிற்கும் பட்டையும்தான் பதியும். எல்இடி டிவிக்காரர்களுக்கு இந்தப் பயமே இல்லை. அதற்குப் பதில் அவர்களுக்குக் கறுப்புப் பட்டை இருட்டறையில் சாம்பலாகத் தெரியும், பின்னால் எரியும் விளக்கின் கசிவு அது.

தாம்பரத்திலிருந்து: லேப்டாப்பை டிவியில் இணைத்தால் கீழே டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது.

ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடுவது. பெட்டி டிவி காலத்தில் ஓரத்தை மறைக்க வைத்த பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்'. மற்றவற்றில் பிக்சர் சைஸ் மெனுவில் தேடுங்கள்.

போரூரிலிருந்து: தங்கை கல்யாணத்தை மாமா போனை நிமிர்த்திப் பிடித்தே எடுத்திருக்கிறார். டிவியில் முழுதாகத் தெரிய ஏதாவது வழி?

இல்லை. திரையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. ஜூம் போட்டால் தாலி கட்டும் கை மட்டும் தெரியும், அல்லது ஐயர் மட்டும். போனிலேயே பாருங்கள். அடுத்த விசேஷத்துக்கு மாமாவிடம் போனைப் படுக்க வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.