561 எப்படி 548-க்குப் பின்னால் போகும்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் 600-க்கு 561. எதிர்வீட்டுப் பையன் 548தான். ஆனால் என்ஜினீயரிங் கவுன்சலிங்கில் அவன்தான் முன்னால் வருவான் என்கிறார்கள். ஜேஇஇ மெயினில் இவளுக்கு 91 பெர்சன்டைல். 91 நல்ல மார்க்தானே, திருச்சி என்ஐடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதா?
- ஒரு தாய், சாத்தூர்

பதில்: பையன் முன்னால் வருவது உண்மைதான் அம்மா. இருவரின் மார்க்கையும் பாடவாரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள் (அவனுடையதை எப்படி வாங்கினீர்களோ!). அதனால் கணக்கு சுலபம். கணிதம் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, ஆக 200. கவுன்சலிங் வரிசைக்குப் பார்க்கும் இந்தக் கூட்டுத்தொகைதான் கட் ஆஃப். உங்கள் மகளுக்கு 96, 45.5, 44. கூட்டினால் 185.5. பையனுக்கு 98, 46, 45, அதாவது 189. மகளின் 561-ஐத் தூக்கி நிறுத்தியது தமிழில் வாங்கிய 97, கம்ப்யூட்டர் சயின்ஸில் 95, ஆங்கிலத்தில் 94. கட் ஆஃபில் இந்த மூன்றுக்கும் வேலையில்லை. ஒரே கட் ஆஃபில் பலர் நின்றால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், அப்புறம்தான் நான்காவது பாடம். தமிழில் 97 வாங்கிய பிள்ளைக்கு இது நியாயமா என்று கேட்டால், எனக்கும் வருத்தம்தான்.

சரி, என்ஐடி போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு, ஜேஇஇ. 91 பெர்சன்டைல் என்பது மார்க்கே அல்ல. எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் அவளுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். 12 லட்சம் பேர் எழுதியதாக வைத்துக்கொண்டால் அவளுக்கு முன்னால் ஏறக்குறைய 1,08,000 பேர். அந்த இடத்தில் நின்றுகொண்டு திருச்சியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்க முடியாது. கோச்சிங் சென்டர் வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸ் பேனர்களில் பெர்சன்டைலை இவ்வளவு பெரிய எழுத்தில் போடுவதால் வரும் குழப்பம் இது. தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் ஜேஇஇ மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை, அதனால் இங்கே நஷ்டமும் இல்லை. 2007 முதல் நமக்கு நுழைவுத் தேர்வு கிடையாது.

இனி 185.5-ஐ மறந்துவிட்டு, கட் ஆஃப் வரிசையில் மகள் எத்தனையாவது இடம் என்று சொல்லும் ரேங்கைப் பாருங்கள். "போன வருடம் 185-க்கு அந்தக் காலேஜ் கிடைத்ததே" என்று யாராவது சொல்வார்கள். கணித வினாத்தாள் சுலபமாக வந்த வருடத்தில் 195-க்கு மேல் கூட்டம் கூடிவிடும்; அதே 185.5 ஆயிரக்கணக்கான இடங்கள் கீழே இறங்கிவிடும். கவுன்சலிங் இணையதளத்தில் கல்லூரி, பிரிவு, சமூகம் வாரியாகப் பழைய வருடப் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் சமூகத்துக்கான பத்தியில், கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க் என்ன என்று பாருங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதற்குத் தனிக் கணக்கு.

விருப்பப் பட்டியலில் ஆசைப்பட்ட கல்லூரியை முதலில் போடுங்கள். "கிடைக்காது" என்று பயந்து கீழே தள்ளினால், கிடைக்கவேண்டியதும் போய்விடும். மேலே போடுவதால் கீழே இருப்பது பறிபோகாது. நீளமாக, ஐம்பது அறுபது வரிசைகூட நிரப்பலாம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல இருப்பதால் கல்லூரிக் குறியீட்டு எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். இடம் ஒதுக்கியதும் "ஏற்கிறேன், மேலே உள்ளது காலியானால் மாறிக்கொள்கிறேன்" என்று சொல்லவும் வழி இருக்கிறது. குறித்த நாளுக்குள் பதில் கொடுத்தாக வேண்டும். எதிர்வீட்டுப் பையனின் பட்டியலை மட்டும் பார்த்து எழுத வேண்டாம். கவுன்சலிங் ரேங்க் வாரியாகப் பல சுற்றுகளாக நடக்கும்; அவன் வேறு சுற்றிலேயே இருக்கலாம்.