எண்ணெய் வணிகம் படுத்துவிட்டால் டேங்கர் வேலையும் போய்விடுமா?

கேள்வி இது: "உலகமே மின்சார வண்டிக்கு மாறுகிறது. இனி எண்ணெய், எரிவாயு வணிகம் குறையும்தானே? மெரைன் படிப்பு முடித்த என் தம்பி டேங்கர் கப்பலில் சேரலாமா?"

சேரலாம். டேங்கர் வாடகைப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

எவ்வளவு எண்ணெய் விற்கிறது என்பதைவிட, அது எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கப்பல்காரனுக்குச் சோறு போடுகிறது. எடையைத் தூரத்தால் பெருக்கி டன்-மைல் என்போம். 2022-க்கு முன் ரஷ்யாவின் பிரிமோர்ஸ்க் துறைமுகத்தில் 7 லட்சம் பீப்பாய் ஏற்றும் ஒரு ஆஃப்ராமேக்ஸ் (நடுத்தர அளவு டேங்கர்) கப்பல், ஒரு வாரத்துக்குள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் போய்ச் சேர்ந்துவிடும். உக்ரைன் போருக்குப் பிறகு, 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் கடல் வழியாக வரும் ரஷ்யக் கச்சா எண்ணெயைத் தடை செய்தது. அதே எண்ணெய் சூயஸ் வழியாகக் குஜராத்தின் சிக்கா துறைமுகத்துக்குத் திரும்பியது. கிட்டத்தட்ட ஒரு மாதப் பயணம். அந்த எண்ணெயின் அளவு ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, ஆனால் முன்பு ஒரு கப்பல் செய்த வேலைக்கு இப்போது நாலைந்து வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவும் டீசலுக்கு வளைகுடா, குஜராத்தின் ஜாம்நகர் ஆலை, அமெரிக்கா என்று தூரத்தில் தேட வேண்டியதாயிற்று. 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் வளைகுடா, இந்திய டீசலில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. கூடுதலாக இரண்டு வாரம் என்று வையுங்கள். டேங்கர் முதலாளிகள் நன்றாகவே காசு பார்த்தார்கள்.

தூரம் குறைந்தால் இதே கணக்கு கையைச் சுடும். இயற்கை எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி ஏற்றும் கப்பல்களுக்கு நடந்தது அதுதான். ஐரோப்பாவுக்கு ரஷ்யக் குழாய் வாயு பெருமளவு நின்றுபோன 2022-இன் இறுதியில் ஒரு கப்பலின் நாள் வாடகை 4 லட்சம் டாலரைத் தாண்டியது. ஒன்று 25 கோடி டாலர் என்றாலும் பரவாயில்லை என்று கொரியக் கப்பல் தளங்களில் வரிசை கட்டி ஆர்டர் கொடுத்தார்கள். கப்பல்கள் வந்து இறங்கின. அவற்றில் ஏற்ற வேண்டிய வாயுவைத் தரும் புதிய ஆலைகள் பல தாமதமாயின. அமெரிக்க வாயுவோ தூரத்து ஆசியாவுக்குப் போகாமல் பக்கத்து ஐரோப்பாவுக்கே போயிற்று. 2025-இன் தொடக்கத்தில் வாடகை 20,000 டாலருக்கும் கீழே. சும்மா நிறுத்தினாலும் செலவு நிற்காது: தொட்டியின் குளிர்ச்சி போகாமல் இருக்க, மைனஸ் 162 டிகிரியில் கொஞ்சம் சரக்கை அடியில் எப்போதும் வைத்திருக்க வேண்டும், அதுவும் நாளுக்கு நாள் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

இனிமேல் எப்படி? எண்ணெய் சட்டென்று விழாது, மெதுவாகத்தான் தேயும் என்பது என் எண்ணம். தேயும் காலத்திலும் போர், தடை, வறட்சி என்று ஏதாவது ஒன்று பாதையை நீட்டிக்கொண்டே இருக்கும். 2023-இல் மழை பொய்த்து பனாமா கால்வாயில் கப்பல் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், நினைவிருக்கலாம். வயிற்றைக் கலக்கும் இடம் பாரசீக வளைகுடாவின் வாசலான ஹார்முஸ் நீரிணை. 2024 கணக்குப்படி தினமும் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் அந்த நீரிணை வழியாக வந்தது. சுற்றிப் போக அங்கே வேறு கடல் வழியே கிடையாது. அங்கே அடைத்தால் வாடகை எகிறும், ஆனால் ஏற்றச் சரக்கு இருக்காது.

நிலக்கரிக் கப்பல்கள் பக்கம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இந்தியா 2024-25-இல் 100 கோடி டன்னுக்கு மேல் தானே வெட்டி எடுத்தது. இறக்குமதி குறைகிறது. (தமிழ்நாட்டுக்கு உள்நாட்டு நிலக்கரியிலும் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது, ஒடிசாவில் வெட்டி, பாராதீப்பில் ஏற்றி, எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும்.)

முதலாளிகளின் இன்னொரு தலைவலி எரிபொருள். கப்பலின் ஆயுள் 20, 25 வருடம். இன்று ஆர்டர் கொடுப்பவர் 2050-இல் எந்த எரிபொருள் புழக்கத்தில் இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். மெத்தனாலா, அம்மோனியாவா? கார்பன் கட்டண விதியை ஏற்க வேண்டிய சர்வதேசக் கடல்சார் அமைப்பு, 2025 அக்டோபரில் முடிவை ஒரு வருடம் தள்ளிவைத்தது. அதனால் பலர் பழைய கப்பலையே ஓட்டுகிறார்கள்.

தம்பி விஷயத்தில் நான் பயப்படுவது அந்தப் பழைய கப்பல்களை நினைத்துத்தான். தடைக்குப் பிறகு ரஷ்ய, ஈரானிய எண்ணெய்க்கென்றே ஒரு நிழல் கப்பற்படை உருவாகிவிட்டது. கொடி, அதாவது கப்பலைப் பதிவு செய்த நாடு, அடிக்கடி மாறும், காப்பீடு பேருக்கு இருக்கும். 2023 மே மாதம் மலேசியா அருகே பாப்லோ என்ற காபோன் கொடி டேங்கர் வெடித்தது. 1997-இல் கட்டிய கப்பல். மூன்று மாலுமிகள் காணாமல் போனார்கள். பொறுப்பேற்க ஆள் வராமல் கப்பல் பல மாதம் கடலிலேயே கிடந்தது.

இப்படிப்பட்ட கப்பல்களுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் சம்பளத்தைக் கூட்டித்தான் சொல்வார்கள். கையெழுத்து போடும் முன் கப்பலின் ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள்; பெயரும் கொடியும் மாறினாலும் மாறாத அடையாள எண் அது. ஈக்வாசிஸ் (Equasis) என்ற கப்பல் தகவல் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து அந்த எண்ணைப் போட்டால் வயது, கொடி, நிர்வாக நிறுவனம், துறைமுகச் சோதனை விவரம் எல்லாம் வரும். எண்ணைத் தரத் தயங்கினால் அந்த ஏஜெண்டே வேண்டாம். அப்புறம், முடிந்தால் எரிவாயுக் கப்பலுக்கான பயிற்சியையும் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கத்தாரின் எரிவாயுவை ஏற்ற வரிசையாகக் கப்பல்கள் கட்டப்படுகின்றன, அவற்றை ஓட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும்.