சின்ன வயசுல ரேடியோவ நோண்டுனவங்க எப்படி கம்ப்யூட்டர் வேலைக்கு வர்றாங்க?

நோண்டுறதுன்னா ஒரு பொருள பிரிச்சுப் போட்டு, எது எதோட சேர்ந்து ஓடுதுன்னு நாமளே பாத்து தெரிஞ்சிக்கிறது. அவ்ளோதான்.

எங்க வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம், உப்புக்காத்துல எதுவும் தாங்காது. தாத்தாவோட ரேடியோ ஒருநாள் நின்னுபோச்சு, செல் மாத்தியும் பாடல, ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நெனச்சு முழுசா கழட்டிட்டேன், கடைசில பாத்தா செல் போடுற இடத்துல இருக்குற ஸ்பிரிங் பச்சையா பாசி புடிச்ச மாதிரி இருந்துச்சு, பழைய பிளேடால சுரண்டுனேன், பாடிடுச்சு. (மூணு ஸ்க்ரூ மிச்சம், அத தாத்தாகிட்ட சொல்லவே இல்ல.)

இப்ப புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கிறதும் அதே வேலைதான். வீட்டுல கரண்ட் போனா மொதல்ல பக்கத்து வீட்டுல லைட் எரியுதான்னு எட்டிப் பாப்போம், அப்புறம் ஃபியூஸ், அப்புறம் பல்பு. ஒவ்வொண்ணா சந்தேகத்த கழிச்சிக்கிட்டே வர்றது. இந்தப் பழக்கம் கைக்கு வந்துட்டா அப்புறம் மெஷின் எதுவா இருந்தா என்ன.

1952ல கம்பைலருக்கு (நாம எழுதுற புரோகிராம மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்குற புரோகிராம்) முன்னோடியான ஏ-0ங்கிற புரோகிராம எழுதுன அமெரிக்க கம்ப்யூட்டர் நிபுணர் கிரேஸ் ஹாப்பர் கூட ஏழு வயசுல வீட்டு அலாரம் கடிகாரங்கள வரிசையா கழட்டிப் போட்டவங்கதான்.

அதுக்காக சின்ன வயசுலயே வீட்டுல கம்ப்யூட்டர் இருந்திருக்கணும்னு பலபேர் நினைக்கிறாங்க, அதெல்லாம் இல்ல, நான் மொதமொதல்ல கீபோர்ட தொட்டதே காலேஜ் லேப்லதான்.