போட்ஸ்வெயின் இல்லை, போஸன்

கேள்வி: மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். கப்பல் வேலைக்கான நேர்காணலுக்குப் படித்து வருகிறேன். போட்ஸ்வெயின், ஃபோர்காசில் என்று வாசித்ததுமே பயிற்சியாளர் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆங்கிலக் கூட்டுச்சொற்களை எங்கே பிரிப்பது, எந்த அசையை அழுத்துவது?

பதில்: தம்பி, முதலில் இரண்டு சொற்கள் ஒட்டிய இடத்தைக் கண்டுபிடியுங்கள். லைட்ஹவுஸில் டீயும் ஹெச்சும் அடுத்தடுத்து வருகின்றன என்பதற்காக அதைத் 'த' என்று வாசிக்கக் கூடாது. 'லைட்' முடிந்த பிறகுதான் 'ஹவுஸ்'.

அப்புறம் அழுத்தம். கடலும் பாசியும் சேர்ந்தால் கடற்பாசி. 'ல்' 'ற்' ஆனதிலேயே அது ஒரே சொல் என்று தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுத்து மாறாது, குரல்தான் மாறும். ஸீவீட் என்னும்போது 'ஸீ' ஓங்கும், 'வீட்' தணியும். கூட்டுப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலும் முதல் பாகத்துக்கே அழுத்தம். லைட்ஹவுஸ் கீப்பர் என்று 'லைட்'டை அழுத்தினால் பாம்பன் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்பவர். 'லைட்'டைத் தனியே விட்டு 'ஹவுஸ்கீப்பர்' என்று சேர்த்துச் சொன்னால் எடை குறைந்த வீட்டுப் பணியாளர்! தெருப் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பீச் ஸ்ட்ரீட்டில் 'பீச்', பீச் ரோட்டில் 'ரோடு'.

சரி, உங்களைத் தடுக்கிவிட்ட சொற்களுக்கு வருவோம். போட்ஸ்வெயின் என்றால் கப்பல் தளத்தில் வேலை செய்யும் மாலுமிகளின் தலைவர். போட்டும் ஸ்வெயினும் சேர்ந்த சொல் அது. ஸ்வெயின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, பையன் அல்லது பணியாள் என்று பொருள். மாலுமிகளின் வாயில் தேய்ந்து தேய்ந்து 'போஸன்' ஆகிவிட்டது, எழுத்து மட்டும் தேயவில்லை. வரி முடிவில் உடைத்து எழுதும்போது போட், ஸ்வெயின் என்றுதான் பிரிப்பார்கள். வாசிக்கும்போது இரண்டே அசை: 'போ' அழுத்தமாக, 'ஸன்' கேட்டும் கேட்காமலும். நாம் தமிழில் ஒவ்வொரு அசையையும் முழுசாகச் சொல்லிப் பழகியவர்கள், அதனால் இந்த இரண்டாவது அசையை விழுங்கத்தான் நமக்குச் சிரமம். மேசையில் 'போ'வுக்கு ஒரு தட்டுத் தட்டுங்கள், 'ஸன்'னுக்குக் கையைத் தூக்காதீர்கள். பத்து முறை செய்தால் நாக்கு பழகிவிடும்.

படகைச் செலுத்துபவரான காக்ஸ்வெயினும் இப்படித்தான் 'காக்ஸன்' ஆகும். ஃபோர்காசில் 'ஃபோக்ஸில்'. நம் மீனவர்கள் அணியம் என்பார்களே, கப்பலில் அந்த முன்பக்கத்துத் தளம். ஒரு காலத்தில் போர்வீரர்கள் நின்று சண்டையிட அங்கே கோட்டைபோல உயர்த்திக் கட்டியிருந்தார்கள். படகின் பக்கவாட்டு மேல்விளிம்பான கன்வேல், வாயில் 'கன்னல்'. அதன் 'க' கரும்பின் 'க' அல்ல, கங்கையின் முதல் 'க'.

அகராதியில் பார்க்கும்போது உச்சரிப்புக் குறிப்பில் மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோட்டைத் தேடுங்கள். அதற்கு அடுத்து வரும் அசைதான் அழுத்த வேண்டியது.